காற்புள்ளிக்கு முன்னால்

மூளை அழற்சியைப் பற்றி நரம்பியல் விஞ்ஞானிகள் எழுதும் ஆய்வுரைகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். எழுதியவர் அமெரிக்காவில் இருந்தாலும் சரி, ஜெர்மனியில் இருந்தாலும் சரி, முன்னுரை முடிவதற்குள் அது எங்கேயாவது தலைகாட்டிவிடும். வெறிநாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குக் கைகால் விளங்காமல் போனதை மருத்துவர்கள் கவனித்தார்கள், காரணம் தேடி 1930-களில் நியூயார்க் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் குரங்குகளுக்கு மூளைச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்தார் என்று அது போகும். நடுவில் ஒரு காற்புள்ளி. அதற்குப் பிறகு குரங்குகள், எலிகள், புரதங்கள், மருந்துகள் என்று பக்கம் பக்கமாக விரிகிறது. அதற்கு முன்னால் ‘சிலர்’. அந்தச் சிலர் எந்த ஊர், விழுந்த கால் திரும்ப எழுந்ததா என்றெல்லாம் வாக்கியம் நின்று கேட்பதில்லை. அறிவியல் எழுத்தின் நடையே அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் பார்த்தேன். குன்னூர்ப் பக்கம் வளர்ந்தவனுக்கு அது ஒட்டமாட்டேன் என்கிறது. அந்தச் சிலரின் உடம்பில் ஏறிய மருந்தில் ஒரு பங்கு எங்கள் மலையில் அரைத்தது.

சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட் 1907 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கு ஐந்து வருடம் முன்னால் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநோயில் இறந்துபோனார். அன்றைக்கு இந்தியாவில் இதற்கு முறையான வைத்தியம் கிடைத்தது வடக்கே கசௌலியில்தான். தெற்கே கடிபட்டவர் நாள்கணக்கில் ரயிலில் போய் அங்கே சேர்வதற்குள் கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு பங்கு குன்னூருக்கு வந்தது. இறந்தவரின் பெயர், கொடுத்தவரின் பெயர், முதல் இயக்குநர் கார்ன்வாலின் பெயர் எல்லாம் வரலாற்றில் பத்திரமாக இருக்கின்றன. மலைரயில் 1899-லேயே குன்னூர் வரை ஏறிவிட்டது. கடிபட்டவர்கள் மேட்டுப்பாளையத்தில் வண்டி மாறி, வாழ்நாளில் பார்த்திராத குளிருக்குள் வந்து இறங்கினார்கள். 1911-இல் கசௌலியின் டேவிட் செம்பிள், கிருமியை ஃபீனால் போட்டுச் சாகடித்துத் தடுப்பூசி செய்யும் முறையை வெளியிட்டார். செத்த கிருமி என்பதால் புட்டியில் அடைத்து மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப முடிந்தது. நோயாளி மலையேறி வந்த காலம் போய் மருந்து மலையிறங்கிப் போகத் தொடங்கியது.

அந்த மருந்து எதிலிருந்து வந்தது என்பதை ஊசி போட்டுக்கொண்டவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? ஆட்டின் மூளைக்குள் கிருமியைச் செலுத்துவார்கள். ஒரு வாரம் போலக் கழிந்ததும் ஆடு கால் மடங்கி விழும். அதை அறுத்து, மூளையைத் தனியே எடுத்து, அரைத்து, உப்புநீரில் 100-க்கு 5 பங்கு என்ற கணக்கில் கலக்கி, ஃபீனால் சேர்த்து வைப்பார்கள். மூளை அந்த மருந்தில் பெரும்பொருள், கிருமி அதற்குள் ஒளிந்திருந்த சிறுபொருள். தொப்புளைச் சுற்றிப் பத்தோ பதினாலோ ஊசி. தமிழ்நாட்டில் நாற்பது வயதைத் தாண்டிய யாரிடமும் நாய்க்கடி என்று சொல்லிப் பாருங்கள், அவர்களுடைய கை முதலில் வயிற்றுக்குத்தான் போகும். எஸ்டேட் லைன் வீடுகளில் அந்த ஊசிக்குப் பயந்து கடியையே மறைத்த பிள்ளைகள் இருந்தார்கள். கடிவாயில் மிளகாய்ப்பொடி அப்பிக்கொண்டு, வீட்டில் கேட்டால் வேலிக்கம்பி கிழித்தது என்று சொல்வார்கள். என் அத்தை ஒருத்தி முழு ஊசியும் போட்டுக்கொண்டவள். ஊசி இறங்குவதைவிட அது இறங்கிய பிறகு வயிறு கல்லாகக் கட்டிக்கொள்வதுதான் தாங்க முடியாதது என்பாள். டெட்டால் வாசம் வந்தால்கூடத் தலையைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொண்ணூறு வயதை நெருங்கும்வரை தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர்களைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டு இருந்தாள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் சொல்லப் போவது தடுப்பூசி வேண்டாம் என்கிற கூட்டத்தின் பேச்சாகிவிடும். அந்தக் கூட்டத்தோடு எனக்கு எந்த உறவும் இல்லை.

ஒன்றும் ஆகாமல் தப்பாதவர்களுக்கு என்ன ஆனது? ஊசி தொடங்கி ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், தலைவலி, முதுகில் வலி. சிறுநீர் இறங்காது. பிறகு கால் மரத்துக் கனக்கும். சிலருக்கு அது இடுப்போடு நிற்கும். சிலருக்கு மேலே ஏறிக் கைக்கும் மூச்சுக்கும் போகும். சிலருக்கு நினைவு தப்பும். நரம்பு இழைகளைச் சுற்றி மின்கம்பியின் மேலுறை மாதிரி மையலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. ஆட்டின் மையலினும் மனிதனின் மையலினும் நெருங்கிய ஒப்புள்ளவை. நாள் தவறாமல் ஆட்டு மூளையை உடம்புக்குள் செலுத்தினால், சிலருடைய நோயெதிர்ப்புச் செல்கள் அதை அந்நியப் பொருளாகக் குறித்துவைத்துக்கொள்கின்றன. பிறகு அதே குறிப்போடு அவர்களுடைய சொந்த மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் நுழைந்து மையலினை உரிக்கின்றன. அழற்சி என்று நாம் பொதுவாகச் சொல்வது அங்கே நடக்கிறது. இரத்தக் குழாய்களைச் சுற்றி வெள்ளணுக்கள் குவிகின்றன, வீங்குகிறது, உறை கழன்று நரம்பின் செய்தி பாதியிலேயே நின்றுவிடுகிறது.

இதில் என்னைத் தூங்கவிடாத முரண் வேறொன்று. உண்மையான வெறிநோயில் இறந்தவரின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தால் பல சமயம் அழற்சி மிகக் குறைவாகவே இருக்கும். இத்தாலியரான அடெல்கி நெக்ரி 1903-இல் விவரித்த சிறு பொட்டுகள் நரம்புச் செல்களுக்குள் தெரியும். அவற்றைச் சுற்றிப் போர் நடந்த தடயம் அவ்வளவாக இராது. உலகத்தின் மிகக் கொடிய மூளைநோய்களில் ஒன்று, காவலை எழுப்பாமலே உள்ளே புகுந்து வேலையை முடித்துவிடுகிறது. காவலை எழுப்பத்தான் தடுப்பூசி. எழுந்த காவல் சிலரிடத்தில் வீட்டுக்காரனையே அடித்துவிட்டது. நோய் அழற்சி இல்லாமல் கொல்ல, காப்பு அழற்சியால் முடக்குகிறது. மூளைக்கு அழற்சி கெட்டது என்று இன்று பத்திரிகைகளின் உடல்நலப் பக்கங்கள் வாராவாரம் எழுதுகின்றன. மஞ்சள் பால் குடி, சர்க்கரையைக் குறை, வீக்கம் அடங்கும் என்கின்றன. வெறிநோய் மூளையின் அந்த அமைதியைப் படித்த பிறகு அப்படி ஒரு பக்கமாகப் பேச எனக்கு நா எழவில்லை. அழற்சியே எழாத மூளையும் செத்துப்போகிறது.

மருத்துவர்களின் நிலைமையையும் யோசித்துப் பார்க்க வேண்டும். வெறிநோயிலேயே முடக்கு வகை ஒன்று உண்டு. தண்ணீரைக் கண்டு மிரளாது, வெறி கிளம்பாது, காலில் தொடங்கிக் கை மூச்சு என்று அடங்கிப்போகும். ஊசி போட்டுக்கொண்ட ஒருவர் பத்தாம் நாள் கால் விழுந்து வந்தால், நாயின் கிருமியா, ஆட்டின் மூளையா என்று படுக்கையருகே நின்று சொல்வது எளிதல்ல. ஊசியால்தான் என்று முடிவுகட்டி அழற்சியை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தால், வெறிநோய்க்கு எதிராக உடம்பு அப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கும் எதிர்ப்பும் அதோடு தளரலாம். கொடுக்காவிட்டால் தண்டுவடம் கருகலாம். மீதி ஊசிகளைப் போடுவதா, நிறுத்துவதா? ஒரு மாவட்டத் தலைநகர ஆஸ்பத்திரியில், ஸ்கேன் இல்லாத காலத்தில், மின்விசிறிகூட எப்போதாவது சுற்றும் வார்டில் இதை முடிவுசெய்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

கணக்கு எழுதப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. பாஸ்டியர் ஊசிக்குப் பிறகு வரும் பக்கவாதத்தைப் பற்றி 1905-லேயே பால் ரெம்லிங்கர் தொகுத்து எழுதினார். கசௌலியில் இயக்குநராக இருந்த மெக்கெண்ட்ரிக், பிற்காலத்தில் ஐ.நா.வுக்கு முன்னிருந்த சர்வதேச சங்கத்துக்காக உலகத்துப் பாஸ்டியர் நிறுவனங்களின் அறிக்கைகளை எல்லாம் வாங்கி, எத்தனை பேருக்கு ஊசி, எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேருக்குப் பக்கவாதம் என்று பட்டியலிட்டுக்கொண்டே இருந்தார். கோவிட் காலத்தில் தொலைக்காட்சியில் ஏறி இறங்கிய நோய்ப்பரவல் வளைகோடுகளுக்கு அடிப்படையான 1927-ஆம் ஆண்டுச் சமன்பாடுகளில் பாதி இவருடையது. இந்திய நாய்க்கடிகளும் சாவுகளும் அவருக்கு எண்களைப் பழக்கியிருக்கும் என்பது என் ஊகம். ஆக எண் இருந்தது, எலிக்குக்கூட இருந்தது. குன்னூரில் அதே சூழலில் உணவு ஆய்வாளர் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்து எடைபோட்டார். சீக்கியர் உணவு தின்ற எலி கொழுத்தது, நம்முடைய சோறு தின்ற சென்னை எலி சோர்ந்தது. இதை எங்கள் ஊர்க்காரர்கள் இன்றும் கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் சொல்வார்கள். 1960-களின் இறுதியில் இயக்குநர் வீரராகவனும் கூட்டாளிகளும் சுரண்டையிலிருந்து வந்த ஒரு நாயை வைத்துப் பார்த்தார்கள். பார்வைக்கு நலமாகத் திரிந்த அந்த நாயின் எச்சிலில் வெறிநோய்க் கிருமி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. இன்ஸ்டிடியூட்டின் அறிவியல் அறிக்கையில் அதற்குத் தனிக் கட்டுரையே உண்டு, தலைப்பில் ஊர்ப்பெயரோடு. உலக ஆய்வுரைகள் அதை ‘சுரண்டை நாய்’ என்று இன்றும் மேற்கோள் காட்டுகின்றன. நாய்க்கு ஊர் இருக்கிறது. ‘சிலருக்கு’ அதுவும் இல்லை.

காற்புள்ளிக்குப் பின்னால் நடந்தது அழகான அறிவியல், அதை மறுக்க முடியாது. ரிவர்ஸ் 1933-லும் 1935-லும் வெளியிட்ட சோதனைகளில் குரங்குகளுக்குப் போட்டது கிருமி இல்லாத, நலமான முயல்மூளையின் சாறு. மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போட்டபின் குரங்குகள் தள்ளாடின, மூளையில் மையலின் உரிந்திருந்தது. குற்றவாளி கிருமியல்ல, மூளைப்பொருளே என்று தெரிந்துவிட்டது. 1947-இல் எல்வின் கேபட், நோயெதிர்ப்பை முடுக்கும் ஃப்ராய்ண்டின் எண்ணெய்க் கலவையைச் சேர்த்து, மாதங்களில் நடந்ததை வாரங்களில் நடக்க வைத்தார். அதுவே பிற்பாடு எலிக்கு வந்து, நோயெதிர்ப்பே மையலினை உரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயின் ஆய்வில் அன்றாடக் கருவியாயிற்று. உலகத்தின் எந்த மூளை அழற்சி ஆய்வகத்திலும் இன்று வால் துவண்டு பின்னங்காலை இழுத்துக்கொண்டு போகும் எலி இருக்கும், அதற்கு மதிப்பெண் போட ஓர் ஆராய்ச்சி மாணவர் இருப்பார். வட்டம் மனிதரிடம் திரும்பி வந்தது 1987-இல். தாய்லாந்தின் ஹெமசுதாவும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினரும் செம்பிள் ஊசியால் முடங்கியவர்களின் இரத்தத்தையும் தண்டுவட நீரையும் சோதித்து, மையலின் அடிப்படைப் புரதத்துக்கு எதிரான பொருள்களைக் கண்டார்கள். அங்கே 220 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு விபத்து இருந்ததாகவும் எழுதினார்கள். வேறு இடங்களில் ஆயிரத்துக்கு ஒருவர், பல ஆயிரத்துக்கு ஒருவர் என்று கணக்கு மாறுகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் இருந்தும் 1984-இல், ஃபீனாலுக்குப் பதிலாக வேறு வேதிப்பொருளால் கிருமியைச் சாகடித்த மூளைத் தடுப்பூசியின் நரம்புப் பாதிப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. கிருமியை எதனால் கொன்றால் என்ன, மூளை மூளையாகவே இருந்தது.

இனிமேல்தான் கணக்கு என் தொண்டையில் சிக்குகிறது. வெறிநோய் தலைகாட்டிவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. அதற்கு எதிரே ஆயிரத்தில் ஒரு முடக்கத்தை வைத்தால் யாரும் ஊசியின் பக்கம்தான் சாய்வார்கள், நானும் அப்படித்தான். ஆனால் ஊசிக்கு வந்தவர்கள் எல்லாரையும் கடித்தது வெறிநாய் அல்ல. கடித்துவிட்டு நாய் ஓடிவிடும், சந்தையிலோ தேயிலைக் காட்டிலோ மறைந்துவிடும், அல்லது ஆத்திரத்தில் ஊரே கூடி அடித்துப் புதைத்துவிடும். தெரியாத நாய்க்குப் பயந்து போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக் கால் போயிருந்தால், அவர் எந்த ஆபத்துக்கு ஈடாக அந்தக் காலைக் கொடுத்தார்? இந்தக் கேள்விக்கு 1920-இல் பதில் இல்லை, வேறு மருந்தும் இல்லை. அப்போது அரைத்தவர்களையும் அனுப்பியவர்களையும் நான் வணங்கத்தான் வேண்டும். பிற்பாதி வேறு. அமெரிக்கா 1957-லேயே வாத்துமுட்டைக் கருவுக்கு மாறியது. சிலியில் 1950-களில், அப்போதுதான் பிறந்த குட்டி எலிகளின் மூளையை எடுத்தார்கள், அந்த வயதில் மையலின் அவ்வளவாக வளர்ந்திருக்காது என்பதால். அங்கும் விபத்து அடியோடு ஒழியவில்லை, குறைந்தது. செல்களில் வளர்த்த, மூளையே கலக்காத தடுப்பூசிகள் 1970-களில் வந்தன. 1980-கள் முடிவதற்குள் கோழிக் கருச் செல்லில் வளர்த்தது இந்தியாவிலேயே தயாராகி மருந்துக்கடையில் கிடைத்தது. மூளைத் தடுப்பூசியை விட்டுவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் அந்தப் பத்தாண்டிலேயே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இந்தியா அதை முற்றாக நிறுத்தியது 2004 டிசம்பரில். நடுவில் இருந்த அத்தனை வருடமும் பணம் இருந்தவர் கையில் சிறிய ஊசியும், இல்லாதவர் வயிற்றில் ஆட்டு மூளையும். ஒரே தெருவில், ஒரே நாய் கடித்த இருவருக்கு இரண்டு மருந்து. 2003-இல் நடந்த கணக்கெடுப்பு நாட்டில் ஆண்டுக்கு 20,000-க்கும் மேற்பட்டவர்கள் வெறிநோயில் சாவதாகச் சொன்னது. அவ்வளவு பேருக்கும் விலை உயர்ந்த ஊசி வாங்க அரசிடம் காசில்லை என்ற வாதத்தை நான் கேட்டிருக்கிறேன். மருந்தைத் தோலுக்குள் சிறு அளவில் இரண்டு இடத்தில் போட்டுச் செலவை வெகுவாகக் குறைக்கும் முறை தாய்லாந்தில் 1980-களிலேயே இருந்தது. இங்கே அனுமதி வந்தது 2006-இல்.

இப்போது 0, 3, 7, 28 என்று நாள் குறித்து இரண்டு கையிலும் பொட்டுப் பொட்டாகப் போடுகிறார்கள். ஓர் அரசு ஆஸ்பத்திரியின் ஊசி அறையில் வயதான எஸ்டேட்காரர் ஒருவர் உள்ளே நுழைந்ததும் ஸ்வெட்டரையும் சட்டையையும் சேர்த்து மார்புவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். “தாத்தா, சட்டைய எறக்குங்க, கையிலதான் போடுவோம்” என்றார் நர்ஸம்மா. அவர் நம்பவில்லை. “இது நாய்க்கடி ஊசிம்மா” என்று விளக்கப் பார்த்தார். அறையில் இருந்த இளைஞர்கள் சிரித்தார்கள். குன்னூர் இன்ஸ்டிடியூட்டும் ஆட்டை விட்டுச் செல் வளர்ப்புக்கு மாறி வெகுநாளாகிவிட்டது. சிரித்தவர்களுக்கு ஆடும் தெரியாது, ஃபீனாலும் தெரியாது.

ஆட்டு மூளை நின்றதற்குச் சற்று முன்னால், அதே 2004 நவம்பரில், அமெரிக்காவில் நடாலிசுமாப் என்ற மருந்துக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்காக அனுமதி கிடைத்தது. வெள்ளணுக்கள் இரத்தக் குழாயைத் தாண்டி மூளைக்குள் போகவிடாமல் வாசலை அடைக்கும் மருந்து. லாரன்ஸ் ஸ்டைன்மனும் கூட்டாளிகளும் 1992-இல் அந்த வழியைக் காட்டியது, மையலினுக்கு எதிராக மூளை அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளில். செம்பிள் ஊசியிலிருந்து ரிவர்ஸின் குரங்கு, குரங்கிலிருந்து எலி, எலியிலிருந்து இந்த மருந்து. அதன் விலை எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் யாருக்கும் எட்டாது. ஆனால் கதை அங்கேயும் நேராகப் போகவில்லை. மூன்றே மாதத்தில், 2005 பிப்ரவரியில், மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். வாசலை அடைத்ததும், நம்மில் பலருடைய உடம்பில் சத்தமில்லாமல் படுத்திருக்கும் ஜே.சி. வைரஸ் சிலருடைய மூளைக்குள் எழுந்து மையலினைத் தின்னத் தொடங்கியது. கடுமையான கண்காணிப்போடு அடுத்த வருடம் மருந்து திரும்பி வந்தது. வாசலைத் திறந்துவைத்தாலும் மையலின் போகிறது, அடைத்தாலும் போகிறது. இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக்கேல் சேலாவும் ரூத் அர்னானும் மையலின் புரதத்தைப் போன்ற ஒரு செயற்கைப் பொருளை கினிப்பன்றிகளுக்கு அழற்சி வரவழைக்கத்தான் செய்தார்கள். அது அழற்சியைத் தடுத்தது. 1996-இல் அதுவும் மருந்தானது. மூளையைப் போலிருக்கும் ஒன்றைக் காட்டினால் உடம்பு அடிக்கக் கற்கும் என்று பார்த்தால், ஒரு வடிவத்தில் அதே உடம்பு அடங்கக் கற்கிறது.

2022-இல் வந்த இரண்டு ஆய்வுகள் இந்தப் பழைய கேள்வியை மறுபடி கிளப்பிவிட்டிருக்கின்றன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் இரத்த மாதிரிகளை வைத்து, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்றது ஒன்று. அந்த வைரஸின் ஒரு புரதம், ஈ.பி.என்.ஏ.1, மூளையில் உள்ள ஒரு புரதத்தின் துண்டுக்கு ஒப்பாக இருப்பதால் நோயெதிர்ப்பு ஏமாறுகிறது என்றது மற்றொன்று. அதில் ஸ்டைன்மனும் இருக்கிறார். உடனே எப்ஸ்டீன்-பாருக்குத் தடுப்பூசி போட்டு மூளைநோயையே தடுத்துவிடலாமே என்ற பேச்சு எழுந்தது. முயற்சிகளும் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வைரஸின் மேலுறைப் புரதங்களோடு நின்றுகொள்கின்றன. ஈ.பி.என்.ஏ.1-ஐச் சேர்ப்பதா என்ற இடத்தில் ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள். மூளையைப் போலிருக்கும் ஒரு துண்டை நாமே கொண்டுபோய் உடம்புக்குக் காட்டினால் அது என்ன கற்றுக்கொள்ளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. 1911-இல் அப்படித் தயங்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. 1990-இல் இருந்தது.